ஒரு மாவுப் பாக்கெட்டுக்கு எத்தனை எண்கள்

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் மாலையானால் மளிகைக்கடை ஃப்ரிட்ஜிலிருந்து ஈரமாவுப் பாக்கெட் வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கலாம். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு அரிசியை ஊறப்போட்டு அரைக்க நேரம் ஏது? புழுங்கல் அரிசி, உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு, தண்ணீர். பாக்கெட்டுக்குள் இவ்வளவுதான் இருக்கிறது. வாங்குகிறவருக்கும் விற்பவருக்கும் அது என்ன பொருள் என்பதில் சந்தேகமே கிடையாது.

அதே பாக்கெட்டைப் பற்றிய விவரங்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஜி.எஸ்.டி. பில்லுக்கு ஓர் எண் வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு வேறொரு வகை எண் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் வைக்க பார்கோடு வேண்டும். இணையத்தில் விற்க அந்தந்த நிறுவனத்தின் பட்டியலில் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாக்கெட்டின் முதுகில் சத்து விவரம் அச்சிட வேறோர் அட்டவணையைப் புரட்ட வேண்டும். இவற்றில் எந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

உணவுப்பொருட்களை வகைப்படுத்தும் முறைகள் உலகில் ஏராளமாக இருக்கின்றன. நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள சிலவற்றை இங்கே வரிசையாகப் பார்க்கப் போகிறோம். என் வாதம் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் தனக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பிறந்தது. அந்தக் கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. ஒரு முறையின் பெட்டியை எடுத்து மற்றக் கேள்விகளுக்கும் விடையாகப் பயன்படுத்தும்போது பிழை நேர்கிறது, அந்தப் பிழையின் செலவைச் சிறு உற்பத்தியாளர் சுமக்கிறார். இதற்கான வழியைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஒருவர் 1933-லேயே எழுதி வைத்துவிட்டார். அவரைப் பற்றிப் பிறகு.

முதலில் வரி. உலகச் சுங்க அமைப்பின் ஒத்திசைந்த முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு இலக்கம் வரை எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா அதன்மேல் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கிக்கொண்டது. நம் பில்களில் எச்.எஸ்.என். என்று வருவது இதுதான். 2021 ஏப்ரல் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் ஆறு இலக்கமும் அதற்குக் கீழே உள்ளவர்கள் பிற வணிகர்களுக்குத் தரும் பில்லில் நான்கு இலக்கமும் குறிப்பிட வேண்டும். உணவு பெரும்பாலும் முதல் 24 அத்தியாயங்களுக்குள் அடங்கிவிடுகிறது: பால் 4, தானியம் 10, மாவுப்பண்டம் 19, வேறெங்கும் சேராதவை 21.

அந்த 21-ஆம் அத்தியாயத்தை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய வணிகத்தில் பெயர் பெற்ற பொருட்களுக்கெல்லாம் தனித்தனி இடம் உண்டு. நம் தோசைமாவோ 2106 என்ற ‘பிற’ வகைக்குள் போய் உட்கார்ந்தது. ஈரமாவுக்கு 5 விழுக்காடு வரி என்று பிறகு தனியாகச் சொல்லப்பட்டது. அதே அரிசியையும் உளுந்தையும் உலர்த்தி அரைத்து ‘மிக்ஸ்’ என்று விற்றால்? 2021-இல் தமிழ்நாட்டின் முன்தீர்ப்பு ஆணையம், ஈரமாவுக்கான சலுகை பொடிக்குப் பொருந்தாது, 18 விழுக்காடுதான் என்று சொன்னது. உள்ளே இருக்கும் பொருள் ஒன்று, இல்லாதது தண்ணீர் மட்டும். அந்தத் தண்ணீருக்கு 13 விழுக்காடு வித்தியாசம்.

இதைப் போன்ற வழக்குகளை அடுக்கிக்கொண்டே போகலாம். சப்பாத்திக்கு 5 விழுக்காடு வரி இருந்தபோது பரோட்டாவுக்கு 18 என்று 2020-இல் கர்நாடக ஆணையம் சொன்னது. மலபார் பரோட்டாவும் ரொட்டி வகைதான், 5 போதும் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வாசனைப் பால் என்பது பாலா, பானமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பார்லே அக்ரோ வழக்கில் 2023-இல் நீதிமன்றம் அது பால் என்ற 0402-க்குள்தான் வரும் என்று தீர்த்தது. சிறு பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்பதை 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது: பாட்டிலின் அளவு சிறியது என்பதற்காக அது தலைமுடி எண்ணெய் ஆகிவிடாது. அதே வாரத்தில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உப்புப்போட்ட பாப்கார்ன் காரவகை, சர்க்கரைப்பாகு பூசியது மிட்டாய் வகை என்று விளக்கம் தந்தது. இதெல்லாம் அபத்தம் என்று பலர் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரித்துறைக்கு ஒரு பொருள் ஏதேனும் ஒரு பெட்டியில்தான் இருந்தாக வேண்டும். இரண்டு பெட்டியில் இருந்தால் எந்த வீதத்தை வசூலிப்பது? எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள், மரம்போல் கிளை கிளையாகப் பிரியும் எந்த வகைப்பாட்டிலும் வரும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-இலேயே தக்காளி பழமா காய்கறியா என்று விசாரித்து, இறக்குமதி வரிக்கு அது காய்கறிதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வகைப்பாடு பொருளை விவரிப்பதோடு நிற்பதில்லை, பொருளையே மாற்றிவிடும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பொதியிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து நின்றது. யாருடைய பசியும் ஒரு கிலோ கூடவில்லை. சட்டத்தின் ஒரு கோடு மூட்டையின் எடையைத் தீர்மானித்தது.

2025 செப்டம்பர் 22 முதல் வரி வீதங்கள் சுருங்கியதும் இந்தச் சண்டைகளின் சூடு தணிந்தது. பரோட்டாவுக்கு வரியே இல்லை என்றாயிற்று. காரவகைகள் 5-க்கு வந்தன. இனி எச்.எஸ்.என். எண்ணைச் சரியாகப் போட வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஏற்றுமதிக்கு அதே எண்தான் வேண்டும். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ பொடி அனுப்புகிறவருக்கு இந்த முறை இன்னமும் அன்றாடத் தேவை.

அடுத்தது உணவுப் பாதுகாப்பு. இங்கே கேள்வி வேறு: இந்தப் பொருளில் எந்தச் சேர்மத்தை எவ்வளவு சேர்க்கலாம்? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம் 1995-இல் இதற்காக ஒரு பொதுத் தரத்தை ஏற்றது. 01 பால் என்று தொடங்கி 16 தயாரித்த உணவு வரை பதினாறு வகைகள், அவற்றுக்குள் கிளைகள். இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் தன் 2011 விதிகளில் இந்தச் சட்டகத்தைத்தான் ஏற்றுக்கொண்டது. இந்திய இனிப்புகளுக்கும் காரவகைகளுக்கும் தனிப் பிரிவு ஒன்றை நாம் சேர்த்துக்கொண்டோம். கோடெக்ஸில் அது கிடையாது.

கோடெக்ஸ் பட்டியலில் ஈரமாவைத் தேடினால் 06.6 கண்ணில் படும். அதன் விளக்கத்தில் இருப்பது மீன், கோழித் துண்டுகளின்மேல் பூசிப் பொரிக்கும் கரைசல். ஆறேழு மணி நேரம் புளித்து, பொங்கி, ஆவியில் வெந்து இட்லி ஆகும் மாவை அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அப்பளத்தின் கதை இன்னும் விசித்திரம். எச்.எஸ்.என். முறையில் அது 1905, அதாவது ரொட்டி, பிஸ்கெட்டின் வரிசை. கோடெக்ஸில் அது 15.1, சிப்ஸ் முதலான நொறுக்குத்தீனி வரிசை. நம் வீட்டிலோ அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. மூன்றும் உண்மைதான். ஒன்று அடுப்பில் சுட்ட மாவு என்பதைப் பார்க்கிறது, இன்னொன்று உலர்ந்து எண்ணெயில் பொரிவதைப் பார்க்கிறது, மூன்றாவது இலையில் அது வந்து விழும் இடத்தைப் பார்க்கிறது.

உரிம விண்ணப்பத்தில் இது நேரடியாக வந்து இடிக்கிறது. முன்பெல்லாம் தயாரிப்பின் பெயரை விண்ணப்பத்தில் அவரவர் எழுத்தில் தட்டச்சு செய்தார்கள். 2020 ஜூன் 1 அன்று ஃபாஸ்காஸ் என்ற புதிய இணையத்தளம் ஒன்பது மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கியது. தமிழ்நாடு அந்த முதல் வரிசையில் இருந்தது. அதில் தரம் வகுக்கப்பட்ட பொருட்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தரவு ஒழுங்குக்கு இது பெரிய முன்னேற்றம். ‘முருக்கு’, ‘முறுக்கு’, ‘சக்லி’ என்று மூன்று விதமாக எழுதப்பட்ட ஒரே பொருளை எந்தக் கணினியும் சேர்த்து எண்ண முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கத் தன் பொருளின் பெயர் கண்ணில் படாதவர், இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தொட்டுவிட்டு நகர்கிறார். அந்தக் கிட்டத்தட்ட விடை, சரியான விடையைப் போலவே தரவுத்தளத்தில் பதிவாகிவிடுகிறது. பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பாக்கெட்டில் அச்சாகும் பதினான்கு இலக்க உரிம எண் இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம். 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் தந்த உரிமம், 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம். முதல் இலக்கம் 2 என்றால் அது சிறு வணிகருக்கான பதிவு. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பவர்களுக்கு 2011 விதிகள் வகுத்த ஏற்பாடு அது. எண் யார் தயாரித்தார் என்பதைச் சொல்கிறது, என்ன தயாரித்தார் என்பதைச் சொல்ல முயல்வதில்லை. ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்கிறது.

பார்கோடும் அப்படித்தான். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் நகரக் கடையொன்றில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் முதன்முதலில் ஸ்கேன் செய்யப்பட்டது. 890 என்று தொடங்கும் எண் இந்தியாவில் தயாரானது என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் இந்தியாவின் ஜி.எஸ்.1 அமைப்பில் பதிவு செய்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பொருளின் வகையை ஜி.எஸ்.1 தனியே வேறு ஒரு முறையில் வைத்திருக்கிறது. அடையாள எண் வேறு, வகை எண் வேறு என்ற இந்தப் பிரிவினையை நம் கடைகளின் பில்லிங் மென்பொருளில் அதிகம் காண முடிவதில்லை. ‘முதல் இரண்டு இலக்கம் மசாலா, அடுத்தது கம்பெனி’ என்று ஐட்டம் கோடுக்குள்ளேயே வகையைத் திணித்துவிடுகிறார்கள். வகை மாறும் நாளில் பழைய பில்கள் எல்லாம் அர்த்தம் இழக்கின்றன.

சத்துக் கணக்கு நம் மண்ணிலேயே தொடங்கியது என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஆய்க்ராய்டின் காலத்தில், 1937-இல், இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தரும் அட்டவணை வெளியானது. அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அது 2017-இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில் 528 உணவுகள், 20 தொகுதிகள், 151 கூறுகள். ஒவ்வோர் உணவுக்கும் எழுத்தும் எண்ணும் கொண்ட குறி. தானியம் ஏ, பருப்பு பி, கீரை சி. உணவின் பெயரைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் தந்திருப்பது அதன் பெரிய பலம். சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரியில் நெய்மீன் என்று வழங்கும் மீனை ஒரே குறிக்குள் சேர்க்க அறிவியல் பெயரும் ஊர்ப் பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஆனால் அந்த அட்டவணை பெரும்பாலும் மூலப்பொருள்களின் அட்டவணை. அரிசி இருக்கிறது, உளுந்து இருக்கிறது. இரண்டையும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்தால் வைட்டமின்களின் அளவு மாறும், கனிமச் சத்துகள் உடலில் சேரும் விதமும் மாறும். அரிசி எண்ணையும் உளுந்து எண்ணையும் விகிதப்படி கூட்டி அச்சிட்டால் அந்த மாற்றம் கணக்கில் வராது.

இப்போது அந்த நூலகரிடம் வருவோம். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், பயிற்சிக்கு லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துண்டுகளையும் திருகுகளையும் வெவ்வேறு விதமாக இணைத்து எந்தப் பொம்மையையும் உருவாக்கலாம். புத்தகங்களையும் இப்படி வகைப்படுத்த முடியும் என்ற எண்ணம் அங்கே பிறந்ததை அவரே சொல்லியிருக்கிறார். நூலகங்களில் பரவலாக வழங்கும் டூயி முறை எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு பெட்டி செய்து வைக்கிறது. ரங்கநாதன் பெட்டிகளைச் செய்யவில்லை. ஒரு நூலின் பொருளைப் பல கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு குறியைத் தந்து, முக்காற்புள்ளியால் கோத்தார். 1933-இல் சென்னை நூலகச் சங்கம் அந்தக் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டது. பின்னால் அந்தக் கோணங்களை ஐந்து அடிப்படைகளாகச் சுருக்கினார்: முதன்மை உரு, பொருள், செயல், இடம், காலம்.

உணவுத் தரவுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டகம் எனக்குத் தெரியவில்லை. உலகமும் அதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் 1970-களில் தொடங்கிய லாங்குவல் முறை ஓர் உணவைப் பதினான்கு கோணங்களில் விவரிக்கிறது: எந்த உயிரியிலிருந்து வந்தது, அதன் எந்தப் பகுதி, திடமா திரவமா, எவ்வளவு சூடேற்றப்பட்டது, எப்படிச் சமைத்தது, எப்படிக் கெடாமல் காக்கப்பட்டது, எதில் பொதிந்தது, எந்த ஊர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் ஃபுட்எக்ஸ்2 ஓர் அடிப்படைப் பெயரை வைத்து, அதன்மேல் இத்தகைய கோணங்களை ஒட்டவைக்கிறது. 2018-இல் அறிமுகமான ஃபுட்ஆன் இவற்றைக் கணினிகள் தாமே தொடர்புபடுத்திக்கொள்ளும் வடிவில் தருகிறது.

நம் பழைய இலக்கணம்கூட உணவை நிலத்தோடு சேர்த்தே எண்ணியது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் வரிசையில் தெய்வத்தை அடுத்து வருவது உணா. தினை குறிஞ்சியின் உணவு, வரகு முல்லையின் உணவு. இடம் என்ற கோணத்தை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய், பழனிப் பஞ்சாமிர்தம் ஆகியவை பெற்ற புவிசார் குறியீடுகள் அந்தக் கோணத்தின் சட்ட வடிவம்தானே.

மேனாம்பேட்டு மாவுப் பாக்கெட்டைக் கோணங்களாகப் பிரித்துப் பார்ப்போம். மூலம்: நெல், உளுந்து. பகுதி: உமி நீக்கிய அரிசி, தோல் நீக்கிய பருப்பு. முன்செயல்: நெல்லாக இருக்கும்போது புழுக்கியது, பின் ஊறவைத்தது, ஈரத்தில் அரைத்தது. நுண்ணுயிர்: வெளியிலிருந்து எதுவும் சேர்க்காத இயல்பான புளிப்பு. லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்ற பாக்டீரியாவுக்கு இதில் பெரும்பங்கு. சமையல்: இல்லை. காப்பு: குளிரூட்டல். பொதி: பாலித்தீன் உறை. காலம்: அரைத்த தேதி, நேரம். பாக்கெட்டுக்குள்ளும் மாவு புளித்துக்கொண்டேதான் இருக்கும். காலையில் அரைத்ததும் மூன்றாம் நாள் எடுத்ததும் ஒரே எச்.எஸ்.என். எண் கொண்ட இரு வேறு பொருள்கள் என்பது தோசை வார்க்கிறவருக்குத் தெரியும்.

இந்த விவரங்கள் ஒருமுறை பதிவாகிவிட்டால் வரி எண்ணும் பாதுகாப்பு வகையும் சந்தைப் பிரிவும் அதிலிருந்து விதிப்படி வருவிக்கக்கூடியவை. ‘உலர்’ என்று நிலையை மாற்றினால் பொடியின் வரிசைக்குப் போகும். சட்டம் மாறினால் விதியை மட்டும் திருத்தலாம், பொருளின் விவரத்தைத் தொட வேண்டாம். பரோட்டாவின் வரி சில ஆண்டுகளுக்குள் 18, 5, சுழியம் என்று மாறியபோது பரோட்டாவில் எதுவும் மாறவில்லை என்பதை நினைவில் வைத்தால் இதன் பயன் விளங்கும்.

வரியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உடல்நலம். சாம்பார்ப் பொடியில் பெருங்காயம் சேர்க்கிறார்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் மைதா கலந்திருப்பது சாதாரணம். கோதுமைப் பசையம் ஒவ்வாதவருக்கு அந்த மைதா ஆபத்து. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் பசையமுள்ள தானியம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலானவற்றைத் தனியே அறிவிக்கச் சொல்கின்றன. ‘சாம்பார்ப் பொடி’ என்ற ஒற்றைப் பெட்டியில் இந்த மைதா கண்ணுக்குத் தெரியாது. சேர்மானத்தின் சேர்மானம் வரை கோணங்கள் பதிவாகியிருந்தால், பசையம் உள்ளவை எவை என்று கேட்டவுடன் கணினி அந்தப் பொடியை எடுத்துக் காட்டும். 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு காரணமாக இந்திய மசாலாப்பொடிகள் சிலவற்றின் விற்பனையை நிறுத்தின. அங்கேயும் தேவைப்பட்ட கேள்வி ‘இது என்ன பொடி’ என்பதல்ல. இதற்கு என்ன செய்தார்கள், எந்த பேட்சில், எந்த மூலப்பொருளுக்கு என்பதுதான்.

கோண முறைக்கு எதிரான வாதமும் வலுவானது. பதினான்கு கட்டங்களை யார் நிரப்புவது? இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் மாவுக்கடைக்கு அது ஆகாத காரியம். ரங்கநாதனின் முறையே நூலகங்களில் டூயியின் எளிமையிடம் தோற்றது என்பதையும் மறைக்கக்கூடாது. உணவை நான்கே வகையாகப் பிரிக்கும் பிரேசிலின் நோவா முறை உலகெங்கும் பரவியதற்கு அதன் எளிமை ஒரு முக்கியக் காரணம். ஆகவே எல்லாக் கட்டத்தையும் எல்லாரும் நிரப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூலம், செயல், காப்பு, பேட்ச் தேதி, ஒவ்வாமைப் பொருள் என்ற ஐந்தை மட்டும் கடைக் கணினியின் பொருட்பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் தனித்தனிக் கட்டங்களாக வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். மீதியை மேலே உள்ளவர்கள் நிரப்பட்டும்.

மேலே உள்ளவர்கள் என்றால் யார்? தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிறுதானியங்களில் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி உண்டு. பதினைந்து வகைச் சிறுதானியங்களுக்கு ஒரே தொகுப்புத் தரம் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சாமை, குதிரைவாலி, வரகு, பனிவரகு என்று அதுவரை ‘பிற’ என்ற வகையில் கிடந்தவற்றுக்கு அதனால் பெயரும் அளவுகோலும் கிடைத்தன. அதேபோல் ஈரமாவு, அப்பளம், வடகம், பொடி, ஊறுகாய், தொக்கு ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்கள், ஊர் வழக்குகள், செய்முறைக் கோணங்கள் கொண்ட ஒரு திறந்த பட்டியலை இந்த நிறுவனங்கள் உருவாக்கி, ஆண்டுதோறும் திருத்தி, இலவசமாக வெளியிட வேண்டும். ஃபாஸ்காஸ் பட்டியலும் பில்லிங் மென்பொருள்களும் அதிலிருந்தே பெயரை எடுத்துக்கொள்ளலாம். அப்பளத்துக்கான பதிவில் அப்பளக்காரம் என்று எழுதினால், உணவில் சேர்க்கும் சேர்மங்களுக்கான எண்வரிசையில் ஐ.என்.எஸ். 500 என்ற சோடியம் கார்பனேட் குடும்பத்தின் எண் தானே வந்து நிற்கும். தயாரிப்பவர் அந்த எண்ணைத் தேடி அலைய வேண்டியிருக்காது. பட்டியலைச் சோதித்துப் பார்க்க ஆவின் பால்பண்ணையும் தொழிற்பேட்டையும் வீட்டு வாசலில் மாவு விற்பவர்களும் ஒருங்கே இருக்கும் அம்பத்தூர் மண்டலத்தைப் போல ஓர் இடம் கிடைப்பது அரிது.